லயத்துக் கூரைக்கு எந்த ஸ்ப்ரே?

ஸ்ப்ரே கேன்ல 15 நிமிசத்துல காயும்னு போட்டிருக்கும். எந்த ஊருக் காத்துல, எந்த மாசத்துலன்னு போட மாட்டாங்க. எனக்கு அதுலதாங்க கோவம்.

போன கிழமை பூனாகலைப் பக்கமிருந்து ஒரு தம்பி போன் பண்ணுனான். தோட்டத்து லயம் ஒண்ணு மாடலா செய்யிறான். பிரிஸ்டல் போர்ட்ல சுவரு, ஃபொயில்ல தகரம், ரெஜிபோம்ல மலை. எல்லாத்தையும் ஒட்டி முடிச்சிட்டு, பின்னேரம் மழை விட்ட கையோட கூரைய வெளிய வச்சு பழுப்புக் கலர் அடிச்சிருக்கான். அடிக்கிறப்ப நல்லாத்தான் இருந்திருக்கு. கொஞ்ச நேரத்துல கூரை முழுக்க வெள்ளையா பூத்துப் போச்சு.

"அண்ணே, டுப்ளிகேட் பெயின்ட தலையில கட்டிட்டானுங்க போல."

டுப்ளிகேட் எல்லாம் இல்ல தம்பி. அது தண்ணி.

ஸ்ப்ரே பெயின்ட்ல பாதிக்கு மேல இருக்கிறது சட்டுன்னு ஆவியாகிப் போற சரக்கு. ஒண்ணு, பெயின்ட வெளிய தள்ளுற கேஸ். இன்னொண்ணு, பெயின்ட இளக்கி வச்சிருக்கிற தின்னர். ரெண்டும் ஆவியாகிப் போறப்ப மாடல்ல இருக்கிற சூட்டையும் இழுத்துக்கிட்டுப் போயிடும். மேல்பக்கம் சில்லுன்னு ஆயிடும். ஏற்கனவே காத்து முழுக்க ஈரமா இருந்தா, அந்தச் சில்லுன்ன எடத்துல பனி கோத்துக்கும். பெயின்ட் காயிறதுக்குள்ள அந்தத் தண்ணி உள்ள மாட்டிக்கிட்டா வெள்ளப் பூக்கும். லெக்கர் வகை பெயின்ட்ல இது ரொம்ப அதிகம், ஏன்னா அதுதான் வேகமா காயிறது. காத்துல ஈரம் 85 சதவீதம் தாண்டுனா பெயின்ட் அடிக்காதீங்கன்னு சொல்றது வீட்டுப் பெயின்ட்டுக்கு மட்டும் இல்ல, இதுக்கும்தான்.

ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் நம்ம ஊவா மலையில பின்னேரம் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? பனியில பக்கத்து லயம் கண்ணுக்குத் தெரியாது. பண்டாரவளையில இருக்கிற எனக்கே துணி காய ரெண்டு நாள் ஆகுது. அதுல லெக்கர் எப்படிக் காயும்?

(பூத்துப் போனத தூக்கிப் போட்டுடாதீங்க. நல்லா காஞ்ச காலைநேரம் பாத்து, அதே பெயின்ட்ட திரும்ப மெல்லிசா ஒரு தூத்தல் விடுங்க. புதுப் பெயின்ட்ல இருக்கிற தின்னர் பழசையும் கொஞ்சம் இளக்கிவிடும். உள்ள மாட்டுன ஈரம் வெளியாகி, முக்காவாசி வெள்ளை போயிடும். தம்பி கூரையும் அப்படித்தான் தப்பிச்சிச்சு.)

சரி, அவன் செய்யிறது எந்த லயம்னு சொல்லணும். அத சொல்லாம பெயின்ட்டப் பத்தி மட்டும் பேசிட்டுப் போக எனக்கு மனசு வரல.

மீரியபெத்த.

கொஸ்லாந்தைக்கு மேல, அம்பிட்டிகந்த தோட்டத்து மீரியபெத்த டிவிசன். 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலையில மலை சரிஞ்சு லயங்கள அப்படியே மூடிருச்சு. ஸ்கூலுக்குப் போன புள்ளைங்க திரும்பி வந்து பாத்தா வீடு இருந்த எடத்துல மண்ணு. 2005லயும் 2011லயும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த எடம் ஆபத்து, ஆளுங்கள வேற எடத்துக்கு மாத்துங்கன்னு சொல்லியிருந்துச்சு. யாரும் மாத்தல. அதுக்குப் பொறகு, 2016ல, பூனாகலைப் பக்கம் 75 தனி வீடு கட்டிக் குடுத்தாங்க. அந்த வீடுங்க ஏன் 2006ல கட்டப்படலங்கிற கேள்விய நான் சாகிற வரைக்கும் கேப்பேன்.

இப்ப அந்தத் தம்பி செய்யிறது மண்சரிவு மாடல் இல்ல. அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. மண்சரிவுன்னா ரெஜிபோம்ல ஒரு மலை, மேல கொஞ்சம் செம்மண்ணு, கீழ நாலு நெருப்புப்பெட்டி. அவ்வளவுதான் செய்வாங்க. இவன் அதுக்கு முந்துன நாள் லயத்த செய்யிறான். இஸ்தோப்புல கொழுந்துக்கூடை, கம்பியில துணி, அடுப்படிப் பக்கம் பொக. ஆளுங்க இருந்த லயம். "மண்ண எல்லாரும் போட்டோவுல பாத்துட்டாங்கண்ணே, வீட்ட யாரும் பாக்கல"ன்னான்.

இப்படி ஒரு வேலைக்கு கூரை கலர் தப்பா இருக்கலாமா? இருக்கக் கூடாதுங்க.

அளவு 1:72. இது நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப வசதியான அளவு. ஒரு அங்குலத்துக்கு ஆறு அடி. அவ்வளவுதான் கணக்கு, கால்குலேட்டரே தேவையில்ல. லயத்துக் காம்பரா பழைய கணக்குக்கு 10 அடிக்கு 12 அடி. முன்பக்கம் 10 அடின்னு வச்சா, ஆறு காம்பரா லயம் 60 அடி, மாடல்ல 10 அங்குலம். காம்பராவோட ஆழம் 2 அங்குலம். மேசையில வச்சு வேலை செய்ய அளவான சைஸ். தகரத்துல ஒரு மடிப்புக்கும் அடுத்த மடிப்புக்கும் நிஜத்துல 3 அங்குலம் இருக்கும். மாடல்ல அது 1 மில்லிமீட்டர் சொச்சம்.

இந்த 1 மில்லிமீட்டர்லதான் பெயின்ட் விசயமே இருக்கு. தடிப்பா அடிச்சா மடிப்பெல்லாம் மூடிப் போயி, தகரம் வெறும் தட்டையா நிக்கும். வண்டிக்கு, கேட்டுக்கு, சைக்கிளுக்குன்னு செஞ்ச ஸ்ப்ரே சிலது ஒரே அடியில கனமா மூடணும்னே செஞ்சது. கேட்டுக்கு அது நல்லது. 1 மில்லிமீட்டர் மடிப்புக்கு அது எமன்.

அதனால கடைக்குப் போறதுக்கு முந்தி பாக்க வேண்டியது கலர் அட்டைய இல்ல. கீழ என்ன சாமான் இருக்குன்னு பாக்கணும்.

ரெஜிபோம் இருக்கா? அதுமேல நேரா ஸ்ப்ரே அடிச்சா, பெயின்ட்ல இருக்கிற தின்னர் ரெஜிபோம அரிச்சுத் தின்னுடும். கண்ணு முன்னாடியே குழி விழும். மொதல்ல நியூஸ் பேப்பர சின்னச் சின்னதா கிழிச்சு பைண்டர் கம்ல ரெண்டு படை ஒட்டி, நல்லா காயவிட்டு, மேல வீட்டுக்கு அடிக்கிற இமல்ஷன் பெயின்ட்ட பிரஷ்ல ஒரு கை பூசிடுங்க. எங்கயாவது ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அது வழியா உள்ள போயி குடைஞ்சிடும், அதனால ஓரமெல்லாம் பாத்துப் பூசுங்க.

பிரிஸ்டல் போர்டுக்கு வேற கதை. தண்ணிப் பெயின்ட் பூசுனா வளைஞ்சு போயிடும். சாதாரண ஸ்ப்ரேல தண்ணி இல்ல, அதனால அட்டை வளையாது. அட்டையில செய்யிற ஆளுங்களுக்கு ஸ்ப்ரே பெரிய வரம். ஆனா வெட்டுன ஓரம் பெயின்ட்ட உறிஞ்சி பொசுபொசுன்னு நிக்கும். ஓரத்துல மட்டும் பைண்டர் கம்ம தண்ணியில கலந்து விரலால தடவி, காஞ்சதும் மெல்லிசான சாண்ட்பேப்பர் ஒரு தரம் போட்டுட்டா சுவரு ஓரம் கத்தி மாதிரி வரும்.

ஃபொயிலு, தகரம், பிளாஸ்டிக்னா கட்டாயம் ப்ரைமர். இல்லன்னா நகம் பட்டாலே உரிஞ்சு வந்துடும். அதுக்கும் முந்தி சோப்புத் தண்ணியில கழுவி கையெண்ணெய எடுத்துடணும்.

இப்ப கடைக்குப் போவோம்.

மாடலுக்குன்னே செஞ்ச ஸ்ப்ரே இருக்கு. ஜப்பான் தமியா கம்பெனி டி.எஸ்.னு ஒரு வரிசை வச்சிருக்கு, அது சாதாரண பிளாஸ்டிக் மாடலுக்கு. ஏ.எஸ். விமான மாடலுக்கு. பி.எஸ். ரேஸ் கார் மாடலோட கண்ணாடி மாதிரி பாடிக்கு, உள்பக்கமா அடிக்கிறது. டி.எஸ். கேன் 100 மில்லிதான். பெயின்ட் ரொம்ப நயம், துளி ரொம்பச் சின்னது. மிஸ்டர் ஹாபிக்காரங்க மிஸ்டர் சர்ஃபேசர்னு ப்ரைமர் வச்சிருக்காங்க. 500, 1000, 1200, 1500னு நம்பர் போட்டிருக்கும். சாண்ட்பேப்பர் கணக்குதான், நம்பர் கூடக்கூட நயம். நம்ம தகர மடிப்புக்கு 1000க்குக் கீழ போகாதீங்க.

ஆனா இதெல்லாம் பதுளையில எங்க கெடைக்கும்? கொழும்புல தேடி, சொல்லிவச்சு எடுக்கணும். எடுத்தாலும் வெல கையச் சுடும். "எங்க சித்தப்பா கட்டார்ல இருந்து வாறாரு, கொண்டுவரச் சொல்லவா"ன்னு தம்பி கேட்டான். வேணாம்டா தம்பி! நெருப்புப் புடிக்கிற கேஸ் அடைச்ச பெயின்ட் கேன பிளேன்ல கைப்பையிலயும் விடமாட்டாங்க, பெட்டியிலயும் விடமாட்டாங்க. செண்ட், ஷேவிங் ஃபோம் மாதிரி சாமானுக்கு மட்டும்தான் அளவோட அனுமதி. பாவம் அந்த மனுசன் ஏர்போர்ட்ல நிக்கணும்.

அடுத்தது ஹார்ட்வெயார் கடை. அப்புறம் வண்டிப் பெயின்ட் விக்கிற கடை. த்ரீவீலுக்கு டச்சப் பண்ற பெயின்ட் பாஸ்மாரு நிக்கிற எடம். எனக்குப் புடிச்ச கடை இந்த ரெண்டாவதுதான், ஏன்னா அங்க நிக்கிற ஆளுக்கு சரக்கு தெரியும். "இது லெக்கரா எனாமலா"ன்னு கேட்டா பதில் வரும்.

அந்தக் கேள்விய கட்டாயம் கேளுங்க. லெக்கருக்கு மேல எனாமல் அடிக்கலாம். எனாமலுக்கு மேல லெக்கர் அடிச்சா கீழ இருக்கிறது சுருங்கி, கெழவி கன்னம் மாதிரி ஆயிடும். லேபிள்ல தெளிவா போடலன்னா காயிற நேரத்தப் பாருங்க. நிமிசக் கணக்குல காயும்னு போட்டிருந்தா அநேகமா லெக்கர். தொடுறதுக்கே மணிக்கணக்கு ஆகும்னா எனாமல். நம்ம வீடுகள்ல தகரத்துக்கு அடிக்கிற, பிரஷ்ல பூசுற அன்டிகொரசிவ் டின் இருக்கு பாருங்க, அது எனாமல் வகை. வீட்டுல மிச்சம் கெடக்குதேன்னு அத மாடலுக்குப் பூசி, மேல ஸ்ப்ரே அடிச்சா முடிஞ்சுது கதை.

இப்ப நான் சொல்ல வந்த விசயம்.

லயம் செய்ய கலர் ஸ்ப்ரேயே வேணாங்க. ப்ரைமர் போதும்.

உண்மையாத்தான் சொல்றேன். யோசிச்சுப் பாருங்க. லயத்துல பளபளக்கிற சாமான் எது? சுவரு சுண்ணாம்பு. கூரை துருப்புடிச்ச பழைய தகரம். தரை சாணியோ சீமேந்தோ. எல்லாமே மங்கல். கலர் ஸ்ப்ரே பாதிக்கு மேல கிளாஸ்னு வருது. அத அடிச்சுட்டு, பளபளப்பக் கொல்றதுக்கு இன்னொரு மேட் கேனுக்குக் காசு குடுக்குறோம். ப்ரைமர் பொறந்ததே மங்கலா. மெல்லிசாவும் படியும். லெக்கர் ப்ரைமர்னா வேகமாவும் காஞ்சிடும்.

வெள்ளை ப்ரைமர் - சுவருக்கு. சாம்பல் ப்ரைமர் - தகரத்துக்கு. ரெட் ஒக்சைட் ப்ரைமர் - துருவுக்கு.

சாம்பல்னு சொன்னதும் தம்பி ஒத்துக்கல. "தகரம்னா சில்வர்தானேண்ணே?" இல்லடா. தகரத்துமேல இருக்கிறது நாகப்பூச்சு. புதுசுல மின்னும், ரெண்டு மழைக்காலம் போனா சாம்பல்தான். முப்பது நாப்பது வருசத் தகரத்துல சில்வர் எங்க இருக்கு? (ஆனா ஸ்ப்ரே பெயின்ட் மொதல்ல வந்ததே சில்வர்லதான். 1949ல அமெரிக்காவுல, இல்லினாய் மாநிலத்துல சைக்கமோர்ங்கிற ஊர்ல எட்வர்ட் சீமோர்னு ஒருத்தர் ரேடியேட்டருக்கு அடிக்கிற அலுமினியப் பெயின்ட் செஞ்சாரு. அத ஆளுங்களுக்கு அடிச்சுக் காட்ட, பூச்சிமருந்து மாதிரி கேன்ல அடைச்சா என்னன்னு யோசனை சொன்னது அவரு சம்சாரம் போனி. இன்னிக்கு உலகம் முழுக்க இருக்கிற ஸ்ப்ரே பெயின்ட் கேனுக்கு மூலம் அந்தம்மா சொன்ன வார்த்தை. அந்தம்மா பேரு நான் பாத்த எந்தக் கேன்லயும் இல்ல.)

ரெட் ஒக்சைட்ல இருக்கிற கலர்த்தூள் என்ன தெரியுமா? இரும்பு ஒக்சைட். துருவுல இருக்கிறதும் இரும்பு ஒக்சைட்தான். துரு மாதிரி இருக்கிற கலர் இல்லங்க அது, துருவுக்கே சொந்தக்காரன். எந்தக் கம்பெனி "ரஸ்ட்"னு பேரு போட்டு விக்கிற கலரும் இதுக்குக் கிட்ட வராதுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

வேலை வரிசை இப்படி. கூரைய சுவர்ல ஒட்டாம தனியா வச்சுக்கங்க, ஏன்னா தண்ணி படும். ஃபொயில் தகரத்த கழுவிக் காயவச்சு, ரெட் ஒக்சைட் மெல்லிசா அடிங்க. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். கல்லு உப்ப அம்மியில லேசா நசுக்குங்க. தூளாக்கிடாதீங்க, பெருசு சிறுசு கலந்து இருக்கணும். துரு எங்கெங்க தெரியணுமோ அங்க பிரஷ்ல தண்ணி தொட்டு வச்சு, மேல உப்பத் தூவுங்க. தண்ணி காஞ்சதும் உப்பு அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும். இப்ப சாம்பல் ப்ரைமர் ஒரு தூத்தல். காஞ்ச பொறகு பழைய டூத்பிரஷ்ஷால உப்ப உரசி எடுங்க.

எடுக்கிறப்ப பாக்கணுமே! உப்பு இருந்த எடமெல்லாம் சாம்பலுக்குக் கீழ இருந்து செவப்பு எட்டிப் பாக்கும். ஒரு துரு மாதிரி இன்னொரு துரு இருக்காது. ஓரம் ஒழுங்கில்லாம, சில எடத்துல புள்ளி புள்ளியா, சில எடத்துல பத்தையா. கையால வரைஞ்சா இந்த ஒழுங்கீனம் வராது, நம்ம கை தானா சமமா வச்சுடும். அப்புறம் கூரைய தண்ணியில அலசிடுங்க, இல்லன்னா மிச்ச உப்பு வெள்ளையா திட்டு போட்டு நிக்கும்.

இத செஞ்சு முடிச்சு தம்பி வீட்டுல காட்டியிருக்கான். அவங்க அம்மாயி கல்யாணம் கட்டி வந்த புதுசுல மீரியபெத்தயிலதான் இருந்தாங்களாம். கண்ணாடியப் போட்டு, கூரையக் கையில வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்துட்டு கேட்டிருக்காங்க:

"ஏன்டா, துரு இப்படியா எல்லாப் பக்கமும் பிடிக்கும்?"

"பின்ன எப்படி அம்மாயி?"

"மரத்தடிப் பக்கம் எல விழுந்து விழுந்து ஊறிக் கெடக்கும்ல, அங்கதான் மொதல்ல ஓட்ட விழும். ஆணி அடிச்ச எடத்துல இருந்து கீழ வழிஞ்சாப்ல ஓடும். அடுப்படி மேல துருவே தெரியாது, பொகையில கருத்துப் போயிருக்கும். கல்லு எங்க? காத்துக்குத் தகரம் பறக்காம கல்லுத் தூக்கி வச்சிருப்போமே."

நான் இத்தனை காலமா புத்தகத்துலயும் வீடியோவுலயும் தேடி, துருவுக்கு இவ்வளவு தெளிவா ஒரு பாடம் பாத்ததில்ல. எல ஊறுற எடம், ஆணி, அடுப்பு, கல்லு. நாலே விசயத்துல முழுக் கூரையும் வந்துடுச்சு. மாடல் செய்யிற தம்பி தங்கச்சிமாரே, பெயின்ட் வாங்குறதுக்கு முந்தி உங்க வீட்டு அம்மாயிகிட்ட, அப்பாயிகிட்ட போயி உக்காந்து கேளுங்க. அவங்க அந்தக் கூரைக்குக் கீழ படுத்து ஒழுகுற எடத்துக்கெல்லாம் சட்டி வச்சவங்க. எந்த மடிப்புல தண்ணி வரும்னு அவங்களுக்குத் தெரியும்.

அம்மாயி சொன்னபடி திரும்பச் செஞ்சிருக்கான். அடுப்படி மேல கருப்புக்குப் பெயின்டே வாங்கல. அடுப்புக்கரிய அரைச்சு, துணியில சலிச்சு, மெத்துன்ன பிரஷ்ல தேச்சான். ப்ரைமர் கொஞ்சம் சொரசொரப்பு, கரித்தூள் அதுல நல்லா புடிச்சுக்கும். இதுக்கு மேல மேட் கிளியர் ஒரு தூத்தல் விட்டா கையில ஒட்டாது.

அந்த மேட் கிளியர் கேனுக்கு மட்டும் காசு பாக்காதீங்க. மூணு ப்ரைமரயும் ஹார்ட்வெயார்லயே எடுங்க, பரவாயில்ல. கடைசிப் பூச்சு மட்டும் மாடல் கம்பெனி சரக்கு எடுங்க. தமியாவுல டி.எஸ். 80. மட்டமான மேட் கிளியர் காயிறப்ப வெள்ளப் பொடி தட்டுனாப்ல ஆயிடும், அதுவரைக்கும் செஞ்ச மொத்த வேலையும் அதுக்குக் கீழ மாட்டிக்கும். நான் பெயின்ட்ல ஒரே எடத்துல காசு போடச் சொன்னா, அது இங்கதான். கேன நல்லாக் குலுக்குங்க, உள்ள குண்டு ஓடுற சத்தம் கேட்ட பொறகும் ரெண்டு நிமிசம் குலுக்குங்க. பளபளப்பக் கொல்ற தூள் அடியில படிஞ்சு கெடக்கும், அது கலங்கலன்னா மேட் அடிச்சாலும் மினுங்கும்.

சுவருக்கு வருவோம். வெள்ளை ப்ரைமர் தனியா அடிச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. நிஜ சுண்ணாம்பு வெளுப்பா இருந்தாலும், தூரத்துல இருந்து பாக்கிறப்ப இடையில இருக்கிற காத்து அத கொஞ்சம் மங்கலாக்கிடும். 10 அங்குல லயத்த ஒரு கை தூரத்துல வச்சுப் பாக்கிறோம்னா, நிஜத்துல 150 அடி தள்ளி நின்னு பாக்கிற கணக்கு. அதனால சின்ன மாடல்ல சுத்தமான வெள்ளையும் சுத்தமான கருப்பும் கூடவே கூடாது. சாம்பல் ப்ரைமர் மேல வெள்ளைய முழுசா மூடாம அடிச்சு நிறுத்திடுங்க. கீழ இருக்கிற சாம்பல் லேசாத் தெரியும், தீபாவளிக்கு அடிச்ச சுண்ணாம்பு ஐப்பசி மழை ரெண்டு பாத்தாப்ல ஆயிடும். சுவத்தடியில ஒரு முழம் உயரத்துக்கு, மாடல்ல கால் அங்குலம், செம்மண்ணு தெறிச்ச கறை. அதுக்கு ரெட் ஒக்சைட் எடுக்காதீங்க. நம்ம வீட்டு வாசல் மண்ணையே காயவச்சு சலிச்சுத் தேய்ங்க. கொஸ்லாந்தை மண்ணுக் கலர எந்தக் கம்பெனியும் கேன்ல அடைக்கல.

இனி அடிக்கிற நேரம். எங்க பக்கம் கச்சான் காத்து வீசுற மாசங்கள்தான், ஜூன்ல இருந்து செப்டெம்பர் வரைக்கும், பெயின்ட்டுக்குப் பொன்னான காலம். காத்து காஞ்சு கெடக்கும். தூசு மட்டும் பறக்கும், அதுக்கு ஒரு பெரிய பிஸ்கட் பெட்டிய சரிச்சுப் போட்டு உள்ள வச்சு அடிக்கலாம். ஒக்டோபர் தாண்டிட்டா காலையில பனி விலகி, வெயில் ஏறி, ஒரு பத்து மணியில இருந்து பகல் வரைக்கும்தான் நேரம். மத்தியானத்துக்கு மேல மேகம் கட்டிடும். மாடலையும் முந்தியே வெயில்ல வச்சு சூடேத்திக்கங்க, அதுல பனி கோக்காது.

குளிருல கேன்ல அழுத்தம் கொறைஞ்சு, பெயின்ட் துப்புத் துப்பா வரும். கேன வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் நிக்க வைங்க. கைய வச்சா சுடக்கூடாது, அவ்வளவுதான் சூடு. கொதிதண்ணி வேணாம். 50 பாகைக்கு மேல போகக் கூடாதுன்னு கேன்லயே போட்டிருக்கும், அத வெளையாட்டா எடுக்காதீங்க.

இன்னொண்ணு, இத கெஞ்சிக் கேக்கிறேன். அந்தக் காலத்து கேன்ல சி.எஃப்.சி. கேஸ் இருந்துச்சு. அது ஓசோன ஓட்ட போடுதுன்னு 1987 மொன்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பொறகு எடுத்துட்டாங்க. இப்ப பெரும்பாலும் சமையல் கேஸ் வகைதான் உள்ள இருக்கு. லயத்துல அடுப்பு எரியிற எடத்துக்கும் காம்பராவுக்கும் எத்தனை அடி? கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து ஸ்ப்ரே அடிக்காதீங்க. மழைன்னா நாளைக்கு அடிங்க. லயத்துச் சுவருக்கு மேல கூரையோட கூரை சேந்த எடத்துல வழி இருக்கும், உங்க வீட்டுல அடிக்கிற வாடை பக்கத்து வீட்டுத் தொட்டில்ல படுத்திருக்கிற புள்ளைக்குத்தான் போகும். துணி மாஸ்க் தூசியத்தான் நிறுத்தும், தின்னர் வாடைய நிறுத்தாது. அதுக்கு கரி ஃபில்டர் வச்ச மாஸ்க் வேணும். இல்லன்னா வெட்டவெளியில, காத்து உங்க முதுகுப்பக்கம் இருந்து போற மாதிரி நின்னு அடிங்க. காலி கேன அடுப்புல போடாதீங்க, ஓட்ட போடாதீங்க, பீலிக்கரையில போட்டுட்டு வராதீங்க.

கையோட பழக்கத்த சொல்லிடுறேன். ஒரு சாண் தள்ளிப் புடிங்க. மாடலுக்கு வெளிய அழுத்த ஆரம்பிச்சு, மாடலத் தாண்டி வெளிய போயி விடுங்க. மாடல் மேல வச்சு ஆரம்பிச்சா மொத துளி பெருசா விழும். ரொம்பத் தள்ளிப் போனா பெயின்ட் காத்துலயே காஞ்சு மணல் மாதிரி உக்காரும். ரொம்பக் கிட்டப் போனா வழியும். முடிஞ்சதும் கேன தலைகீழா புடிச்சு, வெறும் கேஸ் வாற வரைக்கும் ஒரு அழுத்து. அடுத்த மாசம் எடுத்தாலும் மூக்கு அடைச்சிருக்காது.

(தம்பி அடுத்து வெல்லவாய றோட்டுல ஓடுற செவப்பு சி.டி.பி. பஸ் செய்யப் போறானாம். அதுக்கு இந்தக் கணக்கு எல்லாம் தலைகீழ். பஸ்ஸுக்கு ப்ரைமரோட நிறுத்த முடியாது, நல்ல செவப்பு வேணும், மேல லேசான மினுக்கமும் வேணும். செவப்பு கீழ இருக்கிற கலர ரொம்ப வாங்கிக்கும், அதனால அடியில வெள்ளையோ ரோஸ் கலரோ போட்டாத்தான் பளிச்சுன்னு நிக்கும். அத தனியா எழுதுறேன்.)

இப்ப லயம் முக்காவாசி முடிஞ்சாச்சு. கூரை சரி. சுவரு சரி. அம்மாயி சொன்ன கல்லும் கூரையில ஏறியாச்சு. நிக்கிறது கதவுலதான். முழு மாடல்லயும் ப்ரைமர் இல்லாம நிஜமான கலர் வேணும்னு இருக்கிறது அந்த ஒரு எடம். அம்மாயி இருந்த காலத்துல கதவு வெறும் பலகைதானாம், பெயின்ட் கெடையாதாம். ஆனா 2014ல எப்படி இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியல. நீலம்னு ஒருத்தர் சொல்றாரு, ஆளாளுக்கு வேற வேற கலர் அடிச்சிருந்தாங்கன்னு இன்னொருத்தர் சொல்றாரு. எனக்கு ரெண்டாவதுதான் நம்பிக்கை. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமா இருந்தாலும் கதவுக்குக் கலர் அடிக்கிறது அந்தந்த வீட்டு ஆளுங்க ஆசை.

அதனால கேக்கிறேன். மீரியபெத்தயில இருந்தவங்க, இருந்தவங்கள சொந்தமா கொண்டவங்க, அங்க கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ போயி போட்டோ புடிச்சவங்க யாராவது இத வாசிச்சா, கதவு தெரியிற படம் ஒண்ணு இருந்தா தேடிப் பாருங்க. ஆளுங்க முகத்த அனுப்ப வேணாம், கதவு மட்டும் போதும். படம் இல்லன்னா ஞாபகம் இருக்கிறத சொல்லுங்க, மொத காம்பராவுல இருந்து வரிசையா. கேன் நான் வாங்கிக் குடுக்கிறேன்.